விண்மீன்களை அளந்தோர்



எட்டாத பொருளை எங்ஙனம் அளப்பது? முழக்கோலும் தராசும் விண்மீனிடம் செல்லா. அங்கிருந்து நம்மை வந்தடைவது ஒளி ஒன்றே. அவ்வொளியைக் கொண்டே வானநூலார் விண்மீனின் பொலிவையும் வெப்பத்தையும் தொலைவையும் கணிக்கின்றனர். அப்பெரும்பணியில் நம் நாட்டிற்கும் பங்குண்டு என்பதையே இன்று கூற விழைகின்றேன்.

முதலாவது பொலிவு. கண்ணுக்குத் தோன்றும் மீன்களைப் பண்டைய கிரேக்கர் ஆறு தரங்களாகப் பகுத்தனர். நன்கு ஒளிர்வது முதல் தரம். அரிதிற் புலப்படுவது ஆறாம் தரம். முதல் தர மீன் ஆறாம் தர மீனைவிட நூறு மடங்கு ஒளியுடையது என 1856-இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். ஆகவே, ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேறுபாடாகும். அவர் 1861-இல் சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பேற்று, 1891-இல் மறையும்வரை அங்கேயே பணிபுரிந்தார்.

அக்கூடத்தார் விண்மீன்களை நோக்கிக் கணித்ததே ‘சென்னை நேரம்’. 1906-இல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வருமுன், நம் நாட்டுப் புகைவண்டிகள் பெரிதும் அதனையே பின்பற்றின. புகைவண்டித் துறை எழுத்தனாகிய எனக்கு இது தனி மகிழ்ச்சி தரும் செய்தி.

போக்சனின் உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், 1867-இல் பொலிவு மாறும் மீன் ஒன்றைத் தென்வானிற் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்ததையொட்டி, அதனை விளக்கும் நூலை இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணக்கைக் கண்ணாற் கண்ட நிலையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்றும் வாதிட்டார்.

இரண்டாவது நிறம். திருவாதிரை செந்நிறமாயும், சித்திரை நீலங்கலந்த வெண்மையாயும் தோன்றும். கொல்லன் உலையில் இரும்பு சூடேறுந்தோறும் செம்மை நீங்கி வெண்மையுறுதல் போன்றதே இதுவும். திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 3,300 செல்சியஸ் பாகை. சித்திரையினது 20,000 பாகையை மிஞ்சும். ஒளியைப் பிரித்து, நிறமாலையிற் காணும் கோடுகளைக் கொண்டு, ஓ, பி, ஏ, எப், ஜி, கே, எம் என மீன்களை ஹார்வர்டு வானநூலார் வகுத்தனர். அக்கோடுகள் வேறுபடுவதற்கு முதன்மைக் காரணம் பொருள் வேறுபாடன்று, வெப்பமே என்பதை 1920-இல் மேகநாத சாகா உருவாக்கிய சமன்பாடு தெளிவாக்கிற்று.

மூன்றாவது தொலைவு. முகத்தெதிரே விரலை நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். விரல் இடம்பெயர்வதாய்த் தோன்றும். பூமி கதிரவனைச் சுற்றுவதால், அண்மையிலுள்ள மீனும் ஆறு திங்களில் அவ்வாறே பெயர்ந்து தோன்றும். அப்பெயர்ச்சி தொலைவைக் கூறும். சேய்மை மீன்களுக்கு வேறு வழி வேண்டும். குளிர்ந்த மீன்களின் நிறமாலையில் கால்சியக் கோட்டின் நடுவே எழும் ஒளிக்கீற்றின் அகலம், மீனின் உண்மைப் பொலிவைக் காட்டும் என 1957-இல் ஓலின் வில்சனும் நம் வைணு பாப்புவும் வெளியிட்டனர். உண்மைப் பொலிவையும் தோன்றும் பொலிவையும் ஒப்பிட்டால் தொலைவு கிட்டும். பாப்பு 1960-இல் நம் மலைகளுக்குக் கிழக்கேயுள்ள கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் தலைவரானார். காவலூரிலுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அன்பர்களே, பிழைப்பு நாடி மலையேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவ்வறிவு எட்டாக்கனி அன்று. சித்திரைத் திங்களில் வானம் தெளிந்த முன்னிரவொன்றில், மேற்கே திருவாதிரையையும் கிழக்கே சித்திரையையும் அவர்களுக்குக் காட்டுங்கள். எது வெம்மை மிக்கது என வினவுங்கள். இரகுநாதாச்சாரியார் அன்று செய்ததுபோல, கண்டதைத் தாய்மொழியில் எடுத்துரையுங்கள். அதற்கு உதவியாக நம் சங்கப் படிப்பகத்தில் விண்மீன் வரைபடம் ஒன்று இடம்பெற வேண்டும் எனக் கேட்டு அமைகின்றேன்.