குடலிறக்கம்: பெரிய வெட்டா, சின்னத் துளையா?

(நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனி உற்சவத்துக்கு வந்து தங்கியிருந்த தோட்டக் குடும்பங்களுக்கு நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



ராத்திரி முழுக்க பஸ்ஸிலே வந்து, குறிகட்டுவானிலே படகு ஏறி, வெயிலிலே நின்று களைத்துப் போயிருக்கிறீங்க. அன்னதானமும் சாப்பிட்டாச்சு. கண் சொருகுற நேரத்திலே நோயைப் பற்றிப் பேச வந்துட்டாரேன்னு கோவிக்க வேண்டாம். லயத்திலே வீடு வீடாக வந்து சொல்ல முடியாத விசயம் இது. ஆம்பிளைங்க வெட்கத்திலே மறைக்கிற நோய். பொம்பிளைங்க இதை நோயென்றே நினைக்கிறதில்லை. குடலிறக்கம், ஆஸ்பத்திரியிலே ஹேர்னியா என்பாங்க.

கொழுந்து சாக்கிலே ஓரிடத்தில் தையல் விட்டுப்போனால் உள்ளே இருக்கிற கொழுந்து பிதுங்கி வெளியே தெரியும் இல்லையா? வயிற்றுச் சுவரும் அப்படித்தான். தசை பலவீனமான இடத்தில் குடலோ கொழுப்போ பிதுங்குது. அடிவயிறும் தொடையும் சேருற இடத்தில் வரும், தொப்புளில் வரும். சிசேரியன், எல்.ஆர்.டி. செய்த பழைய தையல் வழியாகவும் வரும். இருமினால், மூட்டை தூக்கினால், மலம் முக்கினால் வெளியே வரும். படுத்தால் உள்ளே போயிரும். உள்ளே போயிருதே என்றுதான் நம்ம ஆட்கள் வருசக்கணக்காக விட்டுடுறாங்க. பெல்ட் கட்டுறது, எண்ணெய் போட்டு உருவுறது, பச்சிலை வைக்கிறது எதுவும் அந்த ஓட்டையை மூடாது. கைக்குழந்தையின் தொப்புள் பிதுங்கினால் அதிலே சில்லறைக் காசை வைத்துக் கட்டாதீங்க, தோல் புண்ணாகும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 4, 5 வயதுக்குள் அது தானாகவே மூடிரும். ஆனால் குழந்தைக்கு அடிவயிற்றுச் சந்திலே வீக்கம் என்றால் காத்திருக்கக் கூடாது, உடனே காட்டணும்.

இனி ஒப்பரேசன். இரண்டு வழி இருக்கு. பழைய வழியில் வீக்கத்துக்கு மேலேயே சில அங்குலம் வெட்டி, குடலை உள்ளே தள்ளி, ஓட்டையின் மேல் பிளாஸ்டிக் நூல் வலை ஒன்றை வைத்துத் தைப்பாங்க. வலை வைக்கிற இந்த முறையை 1980களில் அமெரிக்காவிலே லிக்டென்ஸ்டைன் என்ற வைத்தியர் பரப்பினார். அதற்கு முன்பு தசையை இழுத்துப் பிடித்துத் தைத்தாங்க. வலியும் கூட, திரும்ப வருவதும் கூட. அடிவயிற்றுச் சந்து ஹேர்னியாவுக்கு அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்தோ, முதுகிலே ஊசி போட்டோ இதைச் செய்யலாம். முழு மயக்கம் கட்டாயம் இல்லை.

மற்றது சிறுதுளை முறை, லப்பரஸ்கோபி. மூன்று சின்னத் துளை போட்டு, வயிற்றைக் காற்றால் உப்ப வைத்து, ஒரு துளையாலே கெமராவை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே உள்பக்கமாக வலையை வைப்பாங்க. இந்தியாவிலே இந்த முறையில் பேர் எடுத்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் ஜெம் வைத்தியசாலையின் டொக்டர் சி. பழனிவேலு. சின்ன வயதிலே குடும்பத்தோடு மலேசியாவுக்குப் போய்த் தோட்டத்திலே கூலி வேலை செய்தவர். இதை நம்ம பிள்ளைகள் கேட்டு வைக்கட்டும்.

சிறுதுளையில் காயம் சின்னது, வலி குறைவு, சில நாள் முந்தியே வேலைக்குப் போகலாம். நாட்சம்பளக்காரருக்கு அது சின்ன விசயம் இல்லை. ஆனால் முழு மயக்கம் வேணும். நெஞ்சு நோய், கடும் சளி இழுப்பு உள்ள வயசானவங்களுக்கு அது ஆபத்தாகலாம். உள்ளே குடலில் கீறல் படுற ஆபத்தும் அபூர்வமாக உண்டு.

எல்லாவற்றையும் விட, செய்கிறவர் கை பழகியிருக்கணும். அமெரிக்காவிலே படைவீரர் வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. அடிவயிற்று ஹேர்னியாவுக்குச் சிறுதுளையில் செய்தவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கு இரண்டு வருசத்துக்குள் திரும்ப வந்தது. வெட்டிச் செய்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான். ஆனால் 250க்கு மேல் சிறுதுளை ஒப்பரேசன் செய்து பழகிய வைத்தியர்களிடம் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. அதனாலே "எந்த முறை?" என்று கேட்கிறதோடு "இங்கே இதை அடிக்கடி செய்றீங்களா?" என்றும் கேளுங்க.

சிறுதுளை உண்மையிலேயே மேல் என்கிற ஆட்களும் உண்டு. இரண்டு பக்கமும் வீக்கம் உள்ளவங்க, ஒரு தடவை வெட்டிச் செய்து அதே இடத்தில் திரும்ப வந்தவங்க, அடிவயிற்றுச் சந்திலே வீக்கம் உள்ள பெண்கள். பழைய தையலில் வந்த வீக்கத்துக்கும் சிறுதுளையில் செய்தால் காயம் சீழ் பிடிக்கிறது குறைவு. ஓட்டை மிகப் பெரிதாக இருந்தால் வெட்டித்தான் செய்யணும்.

நான் இவ்வளவும் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தொழிற்சாலையிலே வேலை செய்த ஒருத்தர், "வெட்டினா தழும்பு, துளையிலேதான் செய்வேன்" என்று தனியார் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்துக்கொண்டே இரண்டு வருசம் இருந்தார். சீட்டுக் காசு கைக்கு வர முந்தி ஒரு ராத்திரி குடல் இறுகிப்போச்சு. உயிர் தப்பினார், ஆனால் ஒரு முழம் குடலை வெட்டி எடுத்தாங்க. அரசாங்க ஆஸ்பத்திரியிலே இலவசமாகச் செய்கிற வெட்டு ஒப்பரேசன் இரண்டாம் தரம் இல்லை. உகண்டாவிலே 302 ஆம்பிளைகளுக்கு, பாதிப்பேருக்கு விலை உயர்ந்த வலையும் மீதிப்பேருக்குக் கிருமி நீக்கிய நுளம்பு வலைத் துணியும் வைத்துப் பார்த்தாங்க. ஒரு வருசம் கழித்து இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 2016இல் எழுதினாங்க.

எல்லாரும் நாளைக்கே ஓடணும் என்றும் இல்லை. வலியில்லாத சின்ன வீக்கம் உள்ள ஆம்பிளைங்க வைத்தியர் சொன்னால் காத்திருக்கலாம். ஆனால் அமெரிக்காவிலே அப்படிக் காத்திருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், 10 வருசத்துக்குள் நூற்றுக்கு 68 பேர் கடைசியில் ஒப்பரேசனுக்குத்தான் வந்தாங்க, பெரும்பாலும் வலி தாங்காமல். பெண்களுக்கு அடிவயிற்றுச் சந்து வீக்கம் இறுகிப்போகிற ஆபத்து அதிகம், அவங்க காத்திருக்கவே கூடாது.

இந்தத் தீவைப் பாருங்க. சாதாரண நாளிலே மாலையோடு படகு நின்றிரும். அதற்குப் பிறகு ஒருத்தருக்குக் குடல் இறுகினால், அவசரப் படகு தேடி, கடல் தாண்டி, புங்குடுதீவு, வேலணை எல்லாம் கடந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். நம்ம மேல்மலை லயத்துக்கும் இதுதானே நிலை? கடல் இல்லை, கல்லு ரோட்டு இருக்கு. வீக்கம் உள்ளே போகாமல் கல்லு மாதிரி இறுகி, வலி கூடி, வாந்தி வந்து, காற்றும் மலமும் போகாமல் நின்றால், சில மணித்தியாலத்திலேயே குடல் அழுகத் தொடங்கும். அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீங்க. சோடா, கசாயம், தண்ணி கூடக் கொடுக்காதீங்க. 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

வீக்கம் இருக்கிறவங்க முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கி, நுவரெலியாவோ பதுளையோ, உங்களுக்குக் கிட்டின பெரியாஸ்பத்திரியின் அறுவைக் கிளினிக்குக்குப் போங்க. இருமல், மலச்சிக்கல், மூத்திரம் முக்கிப் போறது இருந்தால் அதையும் சொல்லுங்க. அவற்றைச் சரிசெய்யாமல் தைத்தால் திரும்ப வரும். கையெழுத்துப் போட முந்தி தமிழிலே விளக்கச் சொல்லிக் கேளுங்க. மானிப்பாயிலே டொக்டர் கிறீன் 1867இலேயே "இரண வைத்தியம்" என்று அறுவை நூலையே தமிழில் தந்துவிட்டுப் போயிருக்கிறார், தமிழிலே சொல்ல முடியாது என்று ஒன்றும் இல்லை.

ஒப்பரேசன் முடிந்த அன்றைக்கே எழும்பி நடக்கலாம். பாரம் தூக்க நாலு முதல் ஆறு கிழமை பொறுக்கணும், கொழுந்துக் கூடையும் பாரம்தான். மெடிக்கல் துண்டை ஆபிசிலே கொடுத்திட்டு, லேசான வேலைக்குப் பேர் போட என்னிடம் வாங்க. இப்போதே காட்டணும் என்கிறவங்க நாளைக்குப் படகுத்துறையிலே தனியாகச் சொல்லலாம். பெண்கள் நம்மோடு வந்திருக்கிற மருத்துவிச்சி அக்காவிடம் சொன்னால் போதும், அவங்க திகதி எடுத்துத் தருவாங்க.