பிடித்த கையும் விட்ட கையும்

ஆங்கில அகராதிகளில் இன்று அரிதாகவே வழங்கும் சொற்களில் ஒன்று 'மேனுமிஷன்'. அடிமையை விடுவித்தல் என்று பொருள். லத்தீனில் 'மானுஸ்' என்றால் கை. அதனோடு அனுப்புவதைக் குறிக்கும் வினை சேர்ந்து, கைப்பிடியிலிருந்து போகவிடுவது என்ற பொருள் பிறந்தது. விடுதலையைச் சொல்வதாகத் தோன்றும் இந்தச் சொல்லில் எழுவாய் எசமானனே. எந்தக் கை பிடித்ததோ அந்தக் கையே மனமிரங்கி விட வேண்டும். விடுபடுகிறவனுக்கு இதில் வினையே இல்லை.

பழைய ரோமாபுரியில் இது சட்ட நடைமுறையாகவே இருந்தது. அதிகாரியின் முன்னிலையில் விடுவிக்கலாம், உயிலில் எழுதி வைக்கலாம். அடிமையின் விலையில் இருபதில் ஒரு பங்கை அரசு வரியாக வாங்கிக்கொண்டது. விடுதலைக்குப் பிறகும் பழைய எசமானனுக்கு மரியாதையும் ஊழியமும் கடன். ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் செயலராக இருந்த அடிமை திரோ விடுவிக்கப்பட்டபோது மார்க்கஸ் துல்லியஸ் திரோ ஆனார். எசமானனின் பெயரே அவர் பெயராயிற்று. முறைப்படி விடுவிக்கப்பட்டவருக்கு ரோம் குடியுரிமையும் தந்ததே என்று கேட்கலாம். தந்தது, அது பெரிய காரியம்தான். ஆனால் உயில் வழியே எத்தனை பேரை விடுவிக்கலாம் என்று கி.மு. 2-இல் சட்டமே வரம்பு கட்டியது. கொடையாக வருவதற்கு அளவு வைக்கலாம். உரிமைக்கு அப்படி வைக்க முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு அமெரிக்காவில் அடிமையாயிருந்த பிரெடரிக் டக்ளஸின் வாழ்விலேயே இருக்கிறது. 1838-இல் மேரிலாந்திலிருந்து தப்பிய அவர், 1845-இல் தம் வரலாற்றை நூலாக எழுதியபின் பிடிபடும் ஆபத்துக்கு அஞ்சிப் பிரிட்டன் சென்றார். அங்கிருந்த நண்பர்கள் சுமார் 150 பவுன் திரட்டி, 1846-இல் அவருடைய எசமானனிடமிருந்து விடுதலைப் பத்திரம் வாங்கினார்கள். மனிதனுக்கு விலை கொடுப்பது அவனை உடைமையென ஒப்புக்கொள்வதாகும் என்று அடிமை ஒழிப்பாளர் சிலர் கண்டித்தனர். டக்ளஸ் அந்தப் பத்திரத்தை ஏற்றார். ஏற்றதற்கு நியாயமும் சொன்னார். நான் டக்ளஸ் பக்கமே நிற்பேன். கழுத்தில் கத்தி இருப்பவனிடம் கொள்கைத் தூய்மை கேட்பது கொடுமை. ஆனால் அந்தப் பத்திரம் காப்பாற்றியது ஒருவரை மட்டுமே. அதே மேரிலாந்தில் மற்றவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள்.

இன்னொரு அமெரிக்க மாநிலமான வர்ஜீனியாவைப் பாருங்கள். 1782-இல் அங்கே எசமானர்கள் தாமாக விடுவிக்கச் சட்டம் வழிவிட்டது. 1806-இல் வந்த சட்டமோ, விடுவிக்கப்பட்டவர் 12 மாதங்களுக்குள் மாநிலத்தை விட்டே போக வேண்டும் என்றது. மனைவியும் மக்களும் இன்னொருவனின் அடிமைகளாக இருந்தால், விடுதலை என்பது குடும்பத்தைப் பிரிவதாயிற்று. அரசே விடுவித்தபோதும் எசமானன் பக்கமே கை நீண்டது. பிரிட்டன் 1833-இல் சட்டமியற்றி அடிமைமுறையை ஒழித்தபோது 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. அந்தப் பணம் போனது உடைமையாளர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. சொல் பழசானாலும் அதன் கணக்கு மாறவில்லை.

அமெரிக்காவில் அந்தக் கணக்கை முடித்தது எந்த எசமானனின் கையெழுத்தும் கேட்காத 1865-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தம். உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் நின்றார்கள். அவர்களில் பலர் முன்னாள் அடிமைகள். ஆசிரியப் பெருமக்களே, அதிபர் லிங்கன் அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தார் என்று வகுப்பில் சொல்லும்போது, அந்த வீரர்களின் எண்ணிக்கையையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.