நுழைவுச்சீட்டும் ஏழையின் இடமும்



நுழைவுச்சீட்டின் விலை உயர்ந்தால் உதைபந்தாட்டம் காண வருவோர் குறைவரா என்பதே நம்முன் உள்ள வினா. சான்றுகொண்டு நோக்குவோம்.

2016ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள அன்ஃபீல்ட் மைதானத்தில் சண்டர்லாந்துக் கழகத்துடன் ஆட்டம் நடந்தது. அடுத்த பருவத்தில் மிகவுயர்ந்த சீட்டின் விலை 77 பவுண் ஆகுமென அறிவிக்கப்பட்டிருந்தது. ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினர். ஒரு வாரத்துள் உரிமையாளர் பணிந்தனர், விலையேற்றம் கைவிடப்பட்டது.

விலை ஏறியும் அந்நாட்டுப் பெருங்கழகங்களின் ஆசனங்கள் வெறுமையாகவில்லையே என்பார் சிலர். உண்மை. ஒருவர் விலகின் வாங்கப் பலர் காத்திருக்கின்றனர். அங்கே தலைகள் குறைவதில்லை, முகங்களே மாறுகின்றன. ஜேர்மனியின் டோட்மண்ட் நகரிலோ, நின்று பார்ப்போர்க்கு மலிவான சீட்டுக்கள் உண்டு; தென்புற மேடையில் ஏறத்தாழ 25,000 பேர் நிறைகின்றனர்.

நம் ஊர்க் கழகங்களுக்குக் காத்திருப்போர் வரிசை இல்லை. நாட்கூலி பெறும் உழவன் தன் இரு மைந்தரோடு வாயிலில் நின்று, மடியைத் தடவித் திரும்புவானாயின் அவ்விடம் வெறுமையாகவே கிடக்கும். அவனோடு நாளைய ஆட்டக்காரனும் திரும்பிச் செல்கின்றான்.

பந்தும் வலையும் காசின்றி வாரா என்பதை அறிவோம். ஆகவே கழகத்தாரை நாம் வேண்டுவது இதுவே: செலவை வசதியுடையார் அமரும் ஆசனங்களின்மீது ஏற்றுங்கள்; நிற்போர் பக்கத்தைக் குறைந்த விலைக்குத் திறந்துவிடுங்கள்; சிறுவரிடம் காசு கேளாதீர்கள்.