முதியோர் பணம் முதியோருக்கே!

(வெள்ளவத்தையில் நிகழ்ந்த கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



அரசியல் மேடையிலே சேமலாப நிதியையும் வட்டி வரியையும் பற்றிப் பேசுவதா என்று உங்களுட் சிலர் வியப்படையக்கூடும். மொழியுரிமையும் நிலவுரிமையும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது நாற்பதாண்டு உழைத்து ஓய்ந்தவனுடைய இறுதிக்காலக் கஞ்சி. அதனைக் காப்பதற்குச் சட்டம் உண்டு. சட்டம் இருந்தும் நம்மவர் அறியாமையினால் இழந்துகொண்டிருக்கின்றனர். அந்த அறியாமையைப் போக்குவதும் அரசியற் பணியே.

1958ஆம் ஆண்டு தமிழருக்கு எத்தகைய ஆண்டு என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்த மே மாதத்தில் தலைநகரிலே உடைமை இழந்த நம் மக்கள் கப்பலேறி வடக்கே சென்றனர். அதே ஆண்டிலேதான், ரீ. பி. இலங்கரத்தின தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. கசப்பான ஆண்டிலே பிறந்ததாயினும் அச்சட்டம் இனம் பார்ப்பதில்லை. ஊழியர் சம்பளத்தில் 8 வீதம், தொழில்கொள்வோர் தம் கையிலிருந்து 12 வீதம் என்று அது விதிக்கின்றது. 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியச் சட்டம் மேலும் 3 வீதத்தை முதலாளி மீது சுமத்தியது. அந்த 3 வீதத்துக்காக ஊழியர் சம்பளத்தில் ஒரு சதமேனும் கழித்தலாகாது.

கணக்கிட்டுப் பாருங்கள். 40,000 ரூபாய் மாதச் சம்பளம் பெறுபவரின் பெயரில் மாதந்தோறும் 9,200 ரூபாய் சேரவேண்டும். அதில் அவர் கொடுப்பது 3,200 ரூபாய் மட்டுமே. எஞ்சிய 6,000 ரூபாயும் முதலாளி கொடுக்க வேண்டியது. பதியாத கடையில் வேலை செய்பவன் ஒவ்வொரு மாதமும் அந்த 6,000 ரூபாயை இழக்கிறான்.

இதற்கு உரித்துடையவர் யார்? "நீ இன்னும் நிரந்தரமாகவில்லை" என்று ஊழியரின் வாயை அடைப்பது கொட்டாஞ்சேனையிலும் காலி வீதியிலும் பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. தற்காலிக ஊழியர், நாட்கூலி பெறுபவர், துண்டுக்கூலிக்கு உழைப்பவர், பயிலுநர் யாவருக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரித்து உண்டு. பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தாத தொழில்கொள்வோர் மீது 5 வீதம் முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விதிக்கப்படும். தொழிற் திணைக்களத்தில் முறையிட எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமற் கூறுகின்றேன். இவ்வாறு ஏய்ப்போருட் பலர் நம்மவரே. மேடையில் தமிழின உரிமை கேட்டுவிட்டுத் தம் கடையிலே தமிழ்ப் பையனின் உரிமையைப் பறிப்பவரை எந்த இனத்தின் தொண்டர் என்று அழைப்பது?

இனி ஓய்வுபெற்றோருக்கு வருவோம். இந்த வெள்ளவத்தையின் மாடி வீடுகளிலே நிலையான வைப்பின் வட்டியை நம்பி வாழும் முதியோர் எண்ணற்றோர். 2025 ஏப்ரல் 1ஆந் திகதி முதல் வட்டியின் மீதான நிறுத்திவைத்தல் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்த்தப்பட்டது. அதே நாளிலிருந்து தனியாளின் வரி விலக்கு எல்லையும் ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாயாயிற்று. முதலாவது செய்தியை அனைவரும் அறிவர். இரண்டாவதன் பயனை அறிந்தோர் சிலரே.

20 இலட்சம் ரூபாயை 8 வீத வட்டிக்கு வைத்திருக்கும் மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். ஆண்டு வட்டி 160,000 ரூபாய். வேறு வருமானமில்லாத அவர் வரி எதுவும் செலுத்தக் கடமைப்பட்டவரல்லர். ஆயினும் அவர் வாளாவிருந்தால் 16,000 ரூபாய் கழிக்கப்படும். மொத்த வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெற்று, ஒவ்வொரு மதிப்பீட்டாண்டுக்கும் தம் வங்கியிடம் சுயபிரகடனம் கொடுத்தால் அக்கழிவு நிகழாது. ஏற்கெனவே கழிக்கப்பட்டிருந்தால், வருமான அறிக்கை சமர்ப்பித்து அதனை வரவாகக் கணக்கிடச் செய்து, மிகையானதை மீளக் கோரலாம். வருமானம் எல்லையைத் தாண்டியோரும் கழிக்கப்பட்ட தொகையைத் தம் வரிக்கு ஈடுசெய்யலாம். ஆகவே வங்கி தரும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

அலுவலகத்திலே மொழி தடையாகுமென்று தயங்காதீர்கள். 1956இல் மறுக்கப்பட்ட தமிழ், 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தினால் அரசகரும மொழியாயிற்று. கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழில் எழுதவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரித்தளிக்கின்றது. பயன்படுத்தாத உரிமை ஏட்டுச் சுரைக்காய்.

இவ்வுரையை ஏட்டிலே படிக்கவிருக்கும் விவசாயப் பெருமக்களே! உங்களுக்குப் பன்னிரண்டு வீதம் கொடுக்க முதலாளி இல்லை. 1987ஆம் ஆண்டின் விவசாயிகள் ஓய்வூதியச் சட்டம் அக்குறையை நீக்க வந்தது. ஆனால் நிதி வற்றி, 2012இல் கொடுப்பனவு தடைப்பட்டு, 2014இலேதான் மீண்டும் தொடங்கியது. தவணை செலுத்தியவன் முதுமையிலே காத்துக் கிடந்தான். திட்டம் இருப்பது மட்டும் போதாது. அதன் நிதிக்குக் காவலும் வேண்டும்.

அக்காவல் யாருடையது? 2011இல் தனியார் துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்கவில் தொழிலாளர் திரண்டனர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டினால் ரொஷேன் ஷானக என்னும் இளைஞர் உயிரிழந்தார். மசோதா மீளப் பெறப்பட்டது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபொழுதோ, வங்கிகளின் திறைசேரி முறிகள் விலக்கப்பட்டன. சேமலாப நிதியின் முறிகள் சேர்க்கப்பட்டன. முறிகளை மாற்ற இணங்காவிடில் 14 வீத வரி 30 வீதமாகும் என்று நெருக்கினர். முன்னது வீதியிலே தடுக்கப்பட்டது. பின்னது பாராளுமன்றத்தில் எளிதாய் நிறைவேறியது. இச்சேமிப்பிலே சிங்களத் தொழிலாளியின் வியர்வையும் தமிழ்த் தொழிலாளியின் வியர்வையும் ஒன்றாய்க் கலந்திருக்கின்றன. காவலிலும் நாம் ஒன்றாய் நிற்றல் வேண்டும்.

தோழர்களே, நாளைக் காலையே தொடங்குங்கள். ஊழியர் தம் கணக்கில் பணம் சேர்ந்திருக்கிறதா என்று விசாரிக்கட்டும். கடை முதலாளிமார் நிலுவையைச் செலுத்தட்டும். படித்த இளைஞர் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள முதியவர் ஒருவருக்குப் பிரகடனப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். முதியோர் பணம் முதியோருக்கே சேரட்டும்.