புள்ளிப்புறாவை விட்டுவிடுவோம்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



புறாத் தொல்லை பற்றிய தீர்மானம் இன்று ஓட்டுக்கு வருகிறது. நான் அதை எதிர்க்க வரவில்லை. தீர்மானத்தில் 'புறா' என்று ஒரே வார்த்தையாகப் போட்டிருக்கிறோம். வங்கியில் இரண்டு பேர் கணக்கை ஒரே லெட்ஜர் பக்கத்தில் எழுதிய மாதிரி இருக்கிறது.

அடுக்குமாடி பிளாக்குகளில் ஏசி பெட்டி மேலும் சன்ஷேடிலும் கூட்டமாக அடைவது மாடப்புறா. ஆதியில் பாறை இடுக்குகளில் வாழ்ந்த பறவை; அதன் கண்ணுக்கு நம் கட்டடமும் ஒரு மலைதான். காய்ந்த எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் பாதிக்கும் என்பதும் உண்மை. பால்கனிக்கு வலை கட்டுங்கள், தானியம் இறைப்பதை நிறுத்துங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் வீட்டுக் கொல்லைக்கு வருவது புள்ளிப்புறா. பின்கழுத்தில் கறுப்புப் பட்டை, அதில் வெள்ளைப் புள்ளிகள். பெரும்பாலும் ஜோடியாக வரும். வேலியோரம் மண்ணில் புல் விதை பொறுக்கும். நான் தானியம் போடுவதில்லை. போட்டால் மாடப்புறா வந்துவிடும். ஒரு மண்சட்டியில் தண்ணீர் மட்டும், கொசு வராமல் தினமும் மாற்றி வைக்கிறேன். காக்கை, மைனா எல்லாம் ஒரு வாய் எடுத்துத் தலையைத் தூக்கி விழுங்கும். புறா வகைகள் அலகை முக்கியபடியே உறிஞ்சிக் குடிக்கும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கொல்லைப்புறமே கதி என்று உட்கார்ந்திருந்த என் மனைவிதான் இதை முதலில் கண்டு சொன்னார்.

கூடு என்று பெயர்தான். நாலு குச்சி, அடியிலிருந்து பார்த்தாலே முட்டை தெரியும். இரண்டே இரண்டு வெள்ளை முட்டைகள், சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு. தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாத்து, தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற ஒன்றைக் குஞ்சுக்கு ஊட்டும்.

தீர்மானத்தின் நாலாவது ஷரத்துக்கு வருகிறேன். என் கொல்லையை ஒட்டிய பொது மருதாணி வேலியை வெட்டி, அங்கே சிமென்ட் கல் பதிக்கச் சொல்கிறது. மாடப்புறா செடியில் கூடு கட்டுவதில்லை. வேலி போனால் ஏசி பெட்டி மேல் இருப்பது ஒன்றுகூடக் குறையாது. போவது இந்த ஜோடிதான். கல் பதிக்கும் செலவு வேறு, நம் பராமரிப்புக் கணக்கில்.

அந்த ஷரத்தைத் தனியாக ஓட்டுக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், மூன்று வாரம் பொறுத்து வெட்டுங்கள். வேலியில் இப்போது இரண்டு குஞ்சுகள் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னோடு வரலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் வரவேண்டும்.