பிழைக்குப் பரிசளித்த நூலாசிரியர்



நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் உண்டென்று நன்னூல் வகுத்துரைக்கும். குற்றம் நீங்கிய நூல் எழுத விழைவார் பலர். தம் நூலில் குற்றம் கண்டு காட்டுவார்க்குக் கைப்பொருளை எடுத்துக் கொடுப்பார் எத்தனை பேர்? அத்தகையார் ஒருவர் அமெரிக்க நாட்டில் தோன்றினார். கணினிக்கு நிரல் எழுதுவதில் தொடங்கி, அத்தொழிலுக்கே அடிப்படை நூல்களை இயற்றிய அவர் பெயர் தொனால்டு கனூத்து.

1938-இல் மில்வாக்கி நகரில் பிறந்த அவருடைய தந்தையார் கணக்குப் பதிவு கற்பித்த ஆசிரியர். சிறிய அச்சுத் தொழிலும் நடத்தியவர். கனூத்து 1956-இல் கிளீவ்லாந்து நகரின் கேசு தொழில்நுட்பக் கல்லூரியில் இயற்பியல் கற்கச் சேர்ந்தார். அங்கே ஐ.பி.எம். 650 என்னும் கணினி இருந்தது. அதன் கையேட்டில் அச்சிட்டிருந்த நிரல்களைப் படித்தபோது, இவற்றை இன்னும் செவ்வையாக எழுதலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. அவ்வெண்ணமே பிற்காலப் பெரும்பணிக்கெல்லாம் வித்து. தம் முதல் தொகுதியை அவர் படையலாக்கியதும் மாந்தர் எவர்க்கும் அன்று. மாலைப் பொழுதுகளில் தாம் பழகிய அந்தக் கணினிக்கே!

1960-இல் பரோசு நிறுவனத்துக்குத் தொகுப்பி ஒன்றை எழுதிக் கொடுத்தார். மாந்தர் எழுதும் நிரலைக் கணினிக்கு விளங்கும் குறிகளாக மாற்றித் தருவதே தொகுப்பி. 1962-இன் தொடக்கத்தில் அடிசன்-வெசுலி பதிப்பகத்தார், தொகுப்பியைப் பற்றி நூல் எழுதித் தருமாறு அவரைக் கேட்டனர். அப்போது அவர் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்துகொண்டிருந்த மாணவர். அன்றே பன்னிரண்டு இயல்களின் தலைப்புகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அந்நாளில் நிரலாக்க முறைகள் இதழ்தோறும் சிதறிக் கிடந்தன. பிழைபட்டனவும் அவற்றுள் பல. அவற்றையெல்லாம் திரட்டி, ஒவ்வொன்றையும் ஆய்ந்து, நடுநிலையில் எழுதுவது தம் கடன் என்று அவர் கருதினார்.

1965-இல் கையெழுத்துப்படி ஏறத்தாழ 3,000 பக்கமாக நின்றது. கையெழுத்தில் 5 பக்கம் அச்சில் ஒரு பக்கமாகும் என்பது அவர் போட்ட கணக்கு. பதிப்பகத்தாரோ, ஒன்றரைப் பக்கமே ஓர் அச்சுப் பக்கம் என்றனர். அப்படியானால் 2,000 பக்க நூல்! வெட்டிச் சுருக்குவது எளிய வழி. குன்றக் கூறலும் குற்றமன்றோ? அவர் சுருக்கவில்லை. 'கணினி நிரலாக்கக் கலை' என்னும் ஒரு நூல் ஏழு தொகுதித் திட்டமாக விரிந்தது. 1968, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளிவந்தன. 1974-இல் கணினித் துறையின் தலையாய சிறப்பாகிய தூரிங் பரிசு அவரை வந்தடைந்தது.

நான்காம் தொகுதி அடுத்து வரும் என்று உலகம் காத்திருந்தது. 1977-இல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான மெய்ப்புத் தாள்கள் அவர் கைக்கு வந்தன. முதற்பதிப்பை ஈய எழுத்தில் கோத்திருந்தனர்; இப்போது வந்ததோ ஒளியச்சு. அத்தாள்களைக் கண்டு அவர் மனம் நொந்தார். கணக்கியல் குறிகள் நிரம்பிய பக்கம் அழகு குலைந்து கிடந்தது. பிறரை நொந்து பயனென்ன? அச்சுக்கோக்கும் நிரலைத் தாமே எழுதத் துணிந்தார். 'தெக்கு' என்பது அதன் பெயர். கலை என்றும் கைத்திறன் என்றும் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. எழுத்துகளை வரைய மற்றொரு நிரலும் வகுத்தார். 'எசு' என்னும் ஆங்கில எழுத்தின் வளைவு மட்டும் பிடிபடாமல் அவரை அலைக்கழித்தது. அவர் துணைவியார் பார்த்துவிட்டு, அதை 'எசு' வடிவில் வரையலாமே என்றாராம்!

ஓராண்டில் முடியுமென எண்ணிய பணி பத்தாண்டுக்கு மேல் நீண்டது. நிரல் என்பது மாந்தர் படிப்பதற்கும் உரிய எழுத்து என்று 1984-இல் வலியுறுத்தினார். தெக்கு நிரல் முழுவதையும் 1986-இல் விளக்கத்துடன் நூலாகவே வெளியிட்டார். நிரலாளரும் நூலாசிரியரும் அங்கே ஒருவராயினர். அந்நிரலை எவரும் விலையின்றிப் பயன்கொள்ளவும் விட்டார். இன்று கணக்கியலார் தம் கட்டுரைகளைப் பெரிதும் அதனாலேயே அச்சுக்கோக்கின்றனர்.

ஆயினும் இழப்பும் மெய்யே. நான்காம் தொகுதியின் முதற்பகுதி 2011-இலும் இரண்டாம் பகுதி 2022-இலுமே வெளிவந்தன. திட்டமிட்ட ஏழில் எஞ்சியவை பல. அந்நூலுக்காகவே 1990 முதல் மின்மடலைத் துறந்தார். 1993-இல் இசுடான்போர்டுப் பல்கலைக்கழக ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு கொண்டார். எழுத்தழகுக்குச் செலவிட்ட ஆண்டுகளில் இன்னொரு தொகுதி முடிந்திருக்குமே என்பாரும் உளர். அவர் அவ்விலையை அறிந்தே கொடுத்தார்.

பிழையை அவர் ஏற்ற முறையே எல்லாவற்றினும் பெரிது. நூலில் பிழை காட்டுவார்க்கு 2.56 டாலர் காசோலை விடுத்தார். பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 256 என்பது 100 என எழுதப்படும். ஆதலால் 256 காசு ஒரு முழு டாலர் என்பது அவர் நகை! பெற்றவர் பலர் அதனைப் பணமாக மாற்றாமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டனர். தெக்கு நிரலில் பிழை கண்டார்க்குரிய பரிசோ ஆண்டுதோறும் இரட்டித்து 327.68 டாலரில் நின்றது. திருத்தந்தோறும் அந்நிரலின் பதிப்பெண் 3.1, 3.14, 3.141 என வளர்ந்து, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகித எண்ணை நெருங்குகிறதேயன்றி முற்றுவதில்லை.

தமிழில் அறிவியல் நூல் செய்ய முனைவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கனூத்து எழுதியவை அவர் தம் கையால் செய்து பார்த்தவை. செய்து பார்த்ததை எழுதுக. எழுதியதைப் பிறர் ஆய்ந்து பார்க்கத் தருக. பரிசளிக்கப் பொருள் இல்லையேல், பிழை காட்டுவார்க்கு நன்றி கூறும் ஒரு வரியையேனும் நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சிடுக!