கடலுக்குப் போடும் மதிப்பெண்

திருச்சுழியில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. கரிசலும் கருவேலமும் பாதி வறண்ட கண்மாயும்தான் தெரியும். ஆனாலும் ஊரை ஒட்டிப் போகும் குண்டாற்றில் வெள்ளம் வந்துவிட்டால், அது கமுதி வழியே ஓடி, மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலந்துவிடும்.

அந்த வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே, 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டரை 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப்பாறை, கடற்புல், கடற்பசு எல்லாம் அங்கே உண்டு. அறிவித்ததோடு சரியா, காவல் ஒழுங்காக நடக்கிறதா?

இதைக் கண்டறியத்தான் 2006 முதல் இந்தியாவில் மேலாண்மை மதிப்பீடு நடக்கிறது. ஓய்வுபெற்ற வன அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் நேரில் வந்து, திட்டம் இருக்கிறதா, ஆளும் பணமும் போதுமா, உள்ளூர் மக்களைக் கலந்து பேசினார்களா என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். 75 விழுக்காட்டுக்கு மேல் என்றால் மிக நன்று. 40-க்குக் கீழே என்றால் மோசம். ஆனால் புலியும் யானையும் வாழும் காட்டை மனத்தில் வைத்து எழுதிய கேள்விகள் கடலுக்கு எப்படிப் பொருந்தும்? கடல்சார் பகுதிகளுக்கெனத் தனி வழிமுறை 2021-இல்தான் வெளிவந்தது. தாமதம்தான்.

கடலின் கணக்கைக் கடலுக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார், முக்குளித்து, கடலடியில் அளவுநாடாவை விரித்து, அதன் கீழே உயிருள்ள பவளம் எவ்வளவு என்று குறித்து வருகிறார்கள். 2005-இல் சுமார் 37 விழுக்காடாக இருந்த பவளம் 2009-இல் 43-ஐத் தொட்டது. பவளக்கல் வெட்டுவது நின்றுபோனதற்கு இதில் பெரும்பங்கு உண்டு.

பிறகு வந்தது 2016-ஆம் ஆண்டின் கோடை. கடல்நீர் சூடேறி, பவளங்கள் வெளுத்து மடிந்தன. அதற்குச் சற்று முன் 39 விழுக்காடாக இருந்த பவளம் 23 ஆனது. ரோந்துப் படகு எத்தனை ஓடினாலும் வெப்பத்தைத் தடுக்க முடியாது. அலுவலகத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்த ஆண்டிலேயே கடல் நொடித்துப் போகலாம். ஆகவே இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வெயில் படாமல் இங்குள்ள பவளம் வளராது. ஆறு கொண்டுவரும் வண்டல் அதன்மேல் படிந்தால் மூச்சு முட்டும். அந்த வண்டலில் ஒரு பகுதியைக் கடலுக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பவை கண்மாய்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய்கள் தூர்ந்து கிடக்கின்றனவா, குண்டாற்றில் மணல் அள்ளுகிறார்களா என்ற கேள்விகளும் அடுத்த முறை அந்த மதிப்பீட்டுத் தாளில் இடம்பெற வேண்டும்.